பொட்டு வைத்த துப்பாக்கி

நல்லசாமி போல்ட்டைப் பின்னால் இழுத்து விட்டார். துப்பாக்கி, எண்ணெய் காணாத இரும்பு கேட் மாதிரி கிரீச்சிட்டது.

மறுபடி இழுத்தார். மறுபடி கத்தியது. கிளென் ஈடன் வீட்டு கராஜில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது.

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை அவருடைய அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வருகிறார்கள். டைரக்டர் கிரஹாமும் வருகிறார். கிரஹாம் நிஜமான வேட்டைக்காரர்; மான் கறியை ஃப்ரீசரில் வைத்துச் சாப்பிடுகிற மனிதர். நல்லசாமி சுடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவரேதான் கேட்டிருந்தார்.

கேட்காமல் என்ன செய்வார்? வெஸ்ட்கேட் அலுவலகத்தில் நல்லசாமியின் மேசையில், சூரியன் மறையும் குன்றின் மேல் அவர் துப்பாக்கியோடு நிற்கும் படம் இருக்கிறது. முயல் எங்கே என்று யாராவது கேட்டால், செத்த உயிரோடு படம் எடுத்துக்கொள்வது தனக்குப் பிடிக்காது என்பார். உண்மையில் அவர் சந்தித்தது ஒரே ஒரு முயலை. அது அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது.

அவருடைய துப்பாக்கி, பெரியவற்றைத் தடை செய்த சட்டம் விட்டுவைத்த சின்ன செமி ஆட்டோமேட்டிக். உரிமம் வாங்கி நான்கு வருஷம். வாங்கிய தோட்டா மூன்று பெட்டி, பெட்டிக்கு ஐம்பது. பத்து இன்னும் மிச்சம். ஆக மொத்தம் நூற்றி நாற்பது முறை சுட்டிருக்கிறார். இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் தெரியும்.

ஆனால் பேச்சுக்குக் கணக்கில்லை. மூன்று வருஷத்துக்கு முன் உரிம அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அவர் முதல் கேள்வியைத் தொடங்குமுன்பே, வந்தது யார் விஷயமாக என்றுகூடக் கேட்காமல், நல்லசாமி தன்னுடைய பொறுப்புணர்ச்சி, நிதானம், குடும்பப் பின்னணி பற்றி நாற்பது நிமிஷம் பேசிவிட்டார். வந்தவர் பேனாவை மூடிக்கொண்டு, மிச்சத்தை வீட்டம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று சமையலறைக்குப் போனார். தன்னைப் பற்றிக் கண்மணி குறைவாகச் சொல்லிவிடப்போகிறாளே என்பதுதான் அன்று நல்லசாமியின் ஒரே கவலை.

"என்னங்க, சத்தம் போடுதா?" துணி எடுக்க வந்த கண்மணி கேட்டாள்.

"ரீகாயில் ஸ்பிரிங். போல்ட்டைத் திரும்ப முன்னால தள்ளுறது. நான் பாத்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிருங்களா?"

"சனிக்கிழமை. நிகழ்ச்சி சனிக்கிழமை. ஒரு வாரமாச் சொல்லிட்டிருக்கேன்."

"சரிங்க" என்று துணிக்கூடையோடு போய்விட்டாள்.

திங்கட்கிழமை வைத்தியம், தையல் மெஷின் எண்ணெய். ஸ்பிரிங் குளிக்கும் அளவுக்கு விட்டார். செவ்வாய்க்கிழமை டிரையரிலிருந்து பறந்த பஞ்செல்லாம் அதில் ஒட்டி, கிரீச்சுக்குப் பதிலாகச் சளி பிடித்தவர் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

புதன்கிழமை காருக்குப் போடுகிற கிரீஸை விரலால் வழித்து அப்பினார். சத்தம் நின்றது. போல்ட்டும் நின்றது. பின்னால் இழுத்தால், தாலுகா ஆபீஸுக்குப் போன மனு மாதிரி, எப்போது திரும்பும் என்று சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை பிரேக் கிளீனர் அடித்துக் கழுவினார். கிரீஸ் போயிற்று. எண்ணெய் போயிற்று. போன ஆயுத பூஜைக்குக் கண்மணி துப்பாக்கிக் கட்டையில் வைத்திருந்த குங்குமப் பொட்டும் போயிற்று.

அதைப் பார்த்துத்தான் கண்மணியின் முகம் வாடியது. "பொட்டையும் அழிச்சுட்டீங்களா? நாலு பேர் அதை வெச்சுத்தான் அடையாளம் சொல்லுவாங்க."

எந்த நாலு பேர் என்று கேட்க நல்லசாமிக்கு நேரமில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது அவர் கையை விட்டுத் துள்ளி, கூரையைத் தொட்டு, வெங்காயக் கூடைக்குள் விழுந்தது. தேடி எடுத்தவர், வலு குறைந்திருக்கும் என்று முடிவு கட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார்.

"நீட்டாதீங்க. ஒரு தடவை வளைஞ்சுட்டா அப்புறம் நேரா உக்காராதுங்க."

"ஸ்பிரிங்கைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

கண்மணி கொஞ்சம் யோசித்தாள். "கேள்விப்பட்டதுதாங்க" என்றாள்.

நீட்டிய ஸ்பிரிங்கை மாட்டி இழுத்து விட்டார். துப்பாக்கி கிரீச்சிட்டது, கூடவே அவருடைய கட்டைவிரலையும் கடித்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, கட்டைவிரலில் கட்டோடு, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிப் பக்குரங்காவுக்கு ஓட்டினார். அங்கே ஒரு சின்னக் கடையில் துப்பாக்கி பழுது பார்க்கும் சின்னப்பா ஃபிஜிக்காரர். தமிழ் அவர் பெயரோடு நின்றுவிட்டது, பேச்செல்லாம் ஆங்கிலம்தான்; நல்லசாமி அதை மனசுக்குள் தமிழாக்கிக் கேட்டார். நாளைக்கு டைரக்டர் முன்னால் சுட வேண்டியிருக்கிறது, இன்றே சரியாக வேண்டும் என்று நல்லசாமி தன் அந்தஸ்தையும் அவசரத்தையும் சேர்த்தே சொன்னார்.

சின்னப்பா ஸ்பிரிங்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். இந்த வாரம் இதற்கு மூன்று வைத்தியர்கள் கை வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, நல்லசாமி தன் கட்டுப்போட்ட விரலை மறைத்துக்கொண்டார்.

"ஆனா சத்தத்துக்கு அது காரணமில்ல. ஸ்பிரிங் உழைச்சு உழைச்சு ஓஞ்சு போச்சு. குறைஞ்சது பத்தாயிரம் தோட்டா சுட்டிருக்கு."

நல்லசாமி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.

நூற்றி நாற்பது. எத்தனை முறை எண்ணினாலும் நூற்றி நாற்பதுதான். நான்கு வருஷமாக அலுவலகத்தில் தான் சுட்டதாகச் சொன்னவை அவருக்கு நினைவு வந்தன. காபி மெஷின் பக்கத்தில் சுட்டது, கிறிஸ்துமஸ் விருந்தில் சுட்டது, லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் சுட்டது. எல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் வரும். ஒரு பொய்யை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் இரும்புகூட நம்பித் தேய்ந்துவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிட சுகம் அதிகம்.

சின்னப்பா மேலும் சொன்னார். இவ்வளவு சீராகத் தேய வேண்டுமானால் சுடுகிறவருக்குப் பொறுமை வேண்டுமாம். அவசரக்காரர் கையில் இப்படித் தேயாதாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை சுடுவது என்று கேட்டார்.

"வாரா வாரம்" என்றார் நல்லசாமி. வாய் அதுவாகச் சொன்னது. "நமக்கு அது ஒரு தியானம் மாதிரி."

சின்னப்பா மரியாதையோடு தலையசைத்தார். புது ஸ்பிரிங்கைப் போட்டு போல்ட்டை இழுத்து விட்டார். பட்டுப்புடவை மடிக்கிற சத்தம்கூட இல்லை. நல்லசாமி கண்ணை மூடினார். நாளைக்கு கிரஹாம் கை கொடுப்பது தெரிந்தது.

கட்டையைத் திரும்பப் பொருத்தப் போன சின்னப்பாவின் கை நின்றது. கட்டையின் உட்புறத்தில், கிளீனர் எட்டாத குழியில், இன்னொரு குங்குமப் பொட்டு பத்திரமாக இருந்தது. அவர் அதையும், நல்லசாமியின் கட்டுப்போட்ட விரலையும், மறுபடி பொட்டையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, கண்மணி வீட்டுக்காரரா நீங்க? அப்ப எதுக்கு சார் கவலை, நாளைக்கு டைரக்டர் முன்னாடி அவங்களையே சுடச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா எங்க கிளப்போட ஞாயித்துக்கிழமைக் கோப்பையை அவங்ககிட்டேயிருந்து யாராலயும் வாங்க முடியலையே!"