வேறொருவர் பெயருக்கு எழுந்து நின்றவன்

செவ்வாய், காலை 9.00: கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள ஒரு கண் மருத்துவமனையில், இடது கண்ணில் புரை நீக்குவதற்காக அனுமதிக்கப்பட்டேன். மணிக்கட்டில் என் பெயர் எழுதிய பட்டை கட்டப்பட்டது.

9.50: செவிலி, 'சுப்ரமணியன்' என்று அழைத்தார். எழுந்து சென்றேன்.

9.55: வலது கண்ணில் சொட்டு மருந்து விடப்பட்டது. வலப் புருவத்தின் மேல் பேனாவால் அம்புக்குறி இடப்பட்டது.

10.20: அறுவை அறைக்குச் செல்லும் சக்கர நாற்காலியில் அமர்ந்தேன்.

என் பெயர் பத்மநாபன்.

இக்குறிப்பில் விடுபட்ட தகவல் ஒன்று உண்டு. அதே மருத்துவமனையின் கூடத்தில், மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை, நோயாளியின் பாதுகாப்புப் பற்றி உரையாற்றுபவன் நான். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள், எந்தக் கண் என்று கேளுங்கள், என்ன மருந்து என்று கேளுங்கள்: இம்மூன்றையும் மூன்று மொழிகளில் முழங்குவேன். (கைத்தட்டல் உண்டு. தேநீரும் உண்டு.)

அப்படிப்பட்டவன் ஏன் எழுந்தேன்? மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன். கொல்கத்தாவில் தென்னிந்தியர் அனைவரும் ஒரே பெயரின் வெவ்வேறு எழுத்துப்பிழைகள். இயக்குநருக்கு நான் வேங்கடேசன், காவலாளிக்குக் கிருஷ்ணமூர்த்தி, மின்கட்டணக் கவுண்ட்டரில் சுப்ரமணியன். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்பேன். பண்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்துவது என் மனைவி ராஜியின் இலாகா. கரியாஹாட் சந்தைக் காய்கறிக்காரரை, 'பொத்தோநாபோபாபு' என்ற வங்காள உச்சரிப்பு வரை கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்.

அன்று பக்கத்தில் ராஜி இல்லை.

சுப்ரமணியன்பாபுதானே என்று செவிலி வங்க மொழியில் கேட்டார். தலையசைத்தேன். குளிருக்காக அங்கியின் கையை இழுத்துவிட்டிருந்ததால் பட்டை மறைந்திருந்தது. மருந்து வலது கண்ணில் விழுந்தபோது ஐயம் எழத்தான் செய்தது. ஆனால் முனைவர் பட்டம் பெற்ற மூளை எதற்கும் காரணம் கண்டுபிடித்துவிடும்: இரு கண்களையும் தயாராக வைத்திருப்பார்கள் போலும், எது வசதியோ அதில் செய்வார்கள்.

அறுவை அறையின் கதவு திறந்தது. நாற்காலியின் கைப்பிடியை ஓர் அம்மாள் பிடித்து நிறுத்தினார். பெஹாலாவிலிருந்து வந்திருந்த சுப்ரமணியனின் மனைவி. வலது கண்ணுக்குரிய தன் கணவர் இன்னும் குளியலறையில் இருக்கிறார், இவர் யார் என்று செவிலியிடம் வங்க மொழியில் கேட்டார். பிறகு என்னை உற்றுப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஏன் சார், போன மாசம் மைக்கைப் பிடிச்சுண்டு கேளுங்கோ கேளுங்கோன்னு அரை மணி பேசினது நீங்கதானே?"

"ஆமாம்."

"இப்போ வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அங்கி நாடாவை முடிந்துகொண்டே சுப்ரமணியன் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நிலைமையைக் கேட்டறிந்து, "விடேன், அவரே பண்ணிக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

செவிலி என் அங்கியின் கையை விலக்கிப் பட்டையைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "மேஷோமஷாய், ஏன் சொல்லலை?" என்றார். பெரியப்பாவை அழைப்பதுபோல்தான் அழைத்தார். அதற்கு விடை பழையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில், ராஜிக்கு ஓர் ஊசி கொண்டுவந்தார்கள். "என்ன ஊசின்னு கேளுங்கோ" என்றாள் ராஜி. "அவாளுக்குத் தெரியாதா?" என்றேன். மறுநாள் அவள் இல்லை. ஊசிதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஊருக்கு உபதேசம் செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அன்று இரண்டு அறுவைகளும் ஒத்திவைக்கப்பட்டன. மருத்துவமனை எழுதிய தவறு அறிக்கையில், செவிலியின் பெயருக்கு மேலே என் பெயரையும் சேர்க்க வைத்தேன்.

இப்போது என் உரை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. முன்பு தூங்கியவர்கள் விழித்திருக்கிறார்கள். பாதியில் சுப்ரமணியன் மனைவி மைக்கை வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தந்ததில்லை. போன வாரம், பின்வரிசையில் ஒரு முதியவர் தம் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, உரை முடியும்வரை காத்திராமல் மருத்துவரைத் தேடிப் போனார். அதைவிடப் பெரிய கைத்தட்டல் எனக்கு வேண்டாம். உரை பலிக்கிறது.

பெங்களூரிலிருக்கும் மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்தால், நலம் விசாரிப்பதற்கு முன் செவிலியின் குரலுக்கு மாறிக்கொள்கிறாள்.

"பேஷண்ட் முழுப் பேர்?"

சொல்கிறேன்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"டீக் ஆச்சே, எல்லாம் சரி. இப்போ ஃபோனை அப்பாகிட்ட குடுங்க."

செய்யாமல் மீந்திருப்பவை:

இடது கண்ணுக்குப் புதிய தேதி வாங்குவது.

அந்தச் செவிலியைத் தனியே பார்த்து மன்னிப்புக் கேட்பது.

ராஜி கடைசியாக இருந்த மருத்துவமனைக்குக் கடிதம். எழுதியாயிற்று, ஒரே கேள்வி, ஒரே வரி. தபாலில் சேர்க்க வேண்டும்.