பழைய மாத்திரை ஒரு அட்டை

லிஃப்ட்காரர் கதவைத் திறந்தபோது, பக்கத்து வீட்டு லைப்ரரியம்மா கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார்.

"ராத்திரி பூரா உங்க இருமல்தான் சார். சுவரைத் துளைச்சுக்கிட்டு வருது."

லிஃப்ட்காரர் கூனிக் குறுகிப்போனார். முப்பது வருஷம் ஓர் ஆபீஸ் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊரையே ஏற்றி இறக்கியவர். இப்போது மனைவியும் இல்லை, லிஃப்டும் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த ஒரு மாதத்தில் இந்த வறட்டு இருமல் வந்து ஒட்டிக்கொண்டது.

"அதிமதுரக் கஷாயம். மூணு வேளை குடிங்க. இயற்கை வைத்தியம், பக்கவிளைவே கிடையாது."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், துணி குவிந்திருந்த இரண்டாவது நாற்காலியைத் தானே காலி செய்து உட்கார்ந்து, இருபது நிமிஷம் பேசிவிட்டுப் போனார். அந்த வீட்டில் மனுஷக் குரல் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. லிஃப்ட்காரர் கஷாயத்தைச் சொட்டு விடாமல் குடித்தார்.

மறுநாளும் ஃபிளாஸ்க் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இருமல் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

"வேரைக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்," என்றார் லைப்ரரியம்மா.

மூன்றாவது வாரம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தது. டாக்டரம்மா கொதிப்பைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஏறியிருக்கே. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லையே."

உண்மையைச் சொன்னால் ஃபிளாஸ்க் நின்றுவிடும். ஃபிளாஸ்க் நின்றால் அந்த நாற்காலியில் மறுபடியும் துணிதான் உட்காரும்.

டாக்டரம்மா மாத்திரையை இரண்டாக்கினார். இருமலும் இரண்டு மடங்கானது. அதைப் பார்த்துக் கஷாயமும் இரண்டு ஃபிளாஸ்க்கானது. கடைசியில் கிளினிக் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்தபோதுதான் கஷாயக் குட்டு உடைந்தது.

"இருமல் வந்ததே நான் கொடுத்த மாத்திரையால. சிலருக்கு அப்படி வரும். அந்த அதிமதுர வேர் கொதிப்பை ஏத்தும், காலை வீங்க வைக்கும். முதல்லயே வாயைத் திறந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதினார்.

இரண்டு வாரத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. இருமல் இல்லாதவனைத் தேடி யார் கஷாயத்தோடு வருவார்கள்? லிஃப்ட்காரர் சுவரோரம் நின்றுகொண்டு பொய்யாக இருமினார். லைப்ரரியம்மா வந்தார், பேசினார், போனார். அவர் தலை மறைந்ததும் கஷாயம் தொட்டிக்குள் போனது.

ஒருநாள் இருமவே மறந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார்.

"நேத்து ராத்திரியும் ஒரே இருமல்," என்றார் லைப்ரரியம்மா.

தூக்கத்தில்கூடக் கடமை தவறவில்லை என்று லிஃப்ட்காரருக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

பத்தாம் நாள் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டது. மருந்துக்கடைக்கு ஓடினார்.

"பழைய கொதிப்பு மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

"அதுல இருமல் வருதுன்னுதானே மாத்தினாங்க?" என்றார் கடைக்காரர்.

"அந்த இருமலுக்குத்தான் கேக்கறேன்."

கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். லிஃப்ட்காரர் போன குரலிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"என்னைத் தேடி வர்றதுக்கு வேற யாருமில்லைங்க. சுவர் வழியா இருமல் கேட்டாத்தான் அவங்க வருவாங்க."

கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுக்கவே இல்லை.

"அந்தம்மா முடிக்குள்ள மறைச்சு காது மெஷின் வெச்சிருக்காங்க சார், பேட்டரி என்கிட்டதான் வாங்கறாங்க. அது இல்லேன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. உங்க வீட்டுக்கு வரும்போது மட்டும்தான் மாட்டிக்கறேன்னு சொன்னாங்க."