எறும்பு மொய்த்த 1772

“…அதெல்லாம் சரி தம்பி. இருநூறு வருசத்துக் கட்டடம்ன்றியே, மேல இத்தினி எறும்புக்கு இன்னா வேலை?”

தலையை அண்ணாந்து இப்படிக் கேட்டவர் ரோடு ஓவர்சியர். இடம், திருவள்ளூர் பஜார் தெருவில் எங்கள் நாஷ்டா கடை வாசல். வருஷம் 1972. பதில் சொல்ல வேண்டிய தம்பி நான்தான். வயது இருபத்திரண்டு. பி.யு.சி.யில் இரண்டு முறை தோற்றவன். போண்டா மடிக்க வரும் பழைய பேப்பரையெல்லாம் படித்துவிட்டு, தெருவின் சரித்திர ஆசிரியன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டவன். (வேறு யாரும் கொடுப்பதாக இல்லை.)

அந்தத் தெருவைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வேன். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்ட மாடிகள், எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி அடைக்கும் கடைகள், கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பங்கள், நடுவில் கட்டிய வருஷம். சிங்கத்தைக் கண்ணால் பார்க்காத கொத்தனார்கள் செய்ததால் பாதிச் சிங்கங்களுக்குத் தெருநாயின் ஜாடை. துணிக்கடை லட்சுமிக்கு முதலாளியம்மாவின் முகம். நவாபின் குதிரை தண்ணீர் குடித்த இடம் என்று நானே மூன்று இடங்களைக் காட்டுவேன். அது கேட்கிறவர் எந்தப் பக்கமாக நடக்கிறார் என்பதைப் பொறுத்தது.

எங்கள் கடைக்கு முன்னால் இரண்டு தூண், நடுவில் ஒரு வளைவு. அதன் கீழேதான் பெஞ்சுகள். ரோட்டை அகலப்படுத்த ஆறு அடி வெட்டப்போவதாகச் செய்தி வந்தது. கடையின் மொத்த ஆழமே பதினாலு அடி. ஆறு போனால் அடுப்பும், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் உள்ளே இருக்கலாம். இட்லி தின்கிறவர் பஸ்ஸுக்கு வழி விட்டுத் தின்ன வேண்டும். நைனா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாடிக்கையாளர்களிடம்கூடச் சண்டை போடவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

“ரோடு போடறதுக்கு முன்னாலயே நின்ன கட்டடம்னா ஆதாரம் காட்டுங்க. இடிக்க வேணாம்னு மேலிடத்துக்கு எழுதிப் பாக்கறேன்” என்று ஓவர்சியர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் முகப்பில் வருஷம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, போட்டுக்கொள்ளலாமே!

நைனா இரண்டு நாள் கல்யாணத்துக்குப் பொன்னேரி போன சமயம் பார்த்து, முனுசாமிக் கொத்தனாரைக் கூட்டிவந்தேன்.

“இன்னா வருசம் போடணும் வாத்யாரே?”

“1772.” (எனக்குக் கணக்கு வராது. இருநூறைக் கழிப்பது சுலபம்.)

“எனக்கின்னா, நாலு எண்ணு. ஆனா புதுச் சுண்ணாம்பு பவுடர் பூசுன மூஞ்சி மாரி பளிச்சுனு நிக்குமே, பரவால்லியா?”

எண்களை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னபடியே பளிச்சென்றுதான் நின்றன. மறுநாள் நான் ஏணி வைத்து ஏறி, டீ டிகாக்‌ஷனைப் பூசினேன். நிற்காமல் வழிந்தது. ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். அமாவாசைக்கு வருகிறவர்கள் கோயில் குளத்தில் கரைக்க வெல்லம் வாங்கும் ஊர் எங்களுடையது; தெருவில் வெல்லத்துக்கா பஞ்சம்? பாகு காய்ச்சி டிகாக்‌ஷனில் கலந்து பூசினேன். அடடா! இருநூறு வருஷ மழையும் வெயிலும் ஒரே மத்தியானத்தில் வந்து இறங்கின. கீழே நின்று பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஆதாரம் பார்க்க வந்த ஓவர்சியரை வரவேற்கப் புது டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. நிமிர்ந்து பார்த்தால், 1772 கன்னங்கரேலென்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்த எறும்பெல்லாம் அந்த நாலு எண்ணையும் பிசகாமல் எழுதிக்காட்டின.

இப்போது நினைத்தாலும் அந்த ஒரு பதிலுக்காக என்னை மெச்சிக்கொள்வேன். “பழைய காரை சார்! அந்தக் காலத்துல சுண்ணாம்புல கடுக்கா, வெல்லம்லாம் ஊத்தி அரைப்பாங்க. அந்த இனிப்பு இன்னும் போவல.”

ஓவர்சியர் யோசித்தார். “ஆமா, எங்க ஊர்லயும் சொல்லுவாங்க” என்றபடி நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். எழுதப் போகிறார் என்றே நினைத்தேன். பேனா நின்றது.

“ஏன் தம்பி, அந்தக் காலத்துல பல்பு கூடப் போட்டு அரைப்பாங்களா?”

வளைவின் நடுவில், என் எண்களுக்கு ஒரு சாண் கீழே, சுதையில் செய்த மின்சார பல்பு. கதிர்களோடு. பிறந்ததிலிருந்து தினமும் அதன் கீழே நடந்தவன் நான். அதனாலேயே என் கண்ணில் அது படவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் தாம்பூலப் பையோடு நைனா வந்தார். ஓவர்சியர் அவரிடம் திரும்பினார். “பெரியவரே, இது எப்பக் கட்டுனது?”

நான் கண்ணை உருட்டி ஜாடை காட்டினேன்.

“இன்னாடா, கண்ணுல தூசா?” என்றார் நைனா. பிறகு பெருமையாக, “இந்தப் பையன் பொறந்த வருசம் சார். இந்த வரிசைல மொத மொதல்ல எங்க கடைக்குத்தான் கரண்டு வந்துச்சு. அந்தக் குஷில பல்பு ஒண்ணு வெக்கச் சொன்னேன். நல்லாக்கீதா?”

ஓவர்சியர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார்.

“அப்ப தம்பிக்கு இருநூறு வயசு.”

தூண்களும் வளைவும் பத்து நாளில் போய்விட்டன. பல்பை மட்டும் நைனா பெயர்த்தெடுத்து அரிசி மூட்டைக்கு மேல் வைத்துக்கொண்டார். எட்டு அடிக் கடையில் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே தின்றார்கள். அதனால் சீக்கிரம் தின்றார்கள். நைனாவின் சண்டையும் திரும்பி வந்தது. என் வயது மட்டும் திரும்பி வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் கூசாமல், “மாப்பிள்ளைக்கு இருநூத்தி அஞ்சு” என்றார். போன பிறந்தநாளுக்குப் பேத்தி கேக்கில் 252 என்று எழுதச் சொல்லியிருந்தாள். வீட்டில் எங்கேயாவது எறும்பு மொய்த்தால் என் மனைவி கூப்பிடுவாள்: “இன்னா வருசம்னு வந்து படிச்சிச் சொல்லுங்க.”

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று “தம்பிக்கு இருநூறு வயசு” என்றதும் தெருவே சிரித்தது. ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. செங்காவி டப்பாவில் பிரஷ்ஷை முக்கினார். இடிக்க வேண்டிய இடது தூணில் ஒரு பெருக்கல் குறி போட்டார். வலது தூணில் ஒன்று போட்டார். பிறகு திரும்பி நேராக என்னிடம் வந்து, என் டெரிலின் சட்டையின் நெஞ்சில், கோணல் இல்லாமல், நிதானமாக, மூன்றாவதையும் போட்டார்.