அவசரமில்லை என்று சொல்லியனுப்பிய தம்பி மனைவிக்கு

ஏரிக்கரை ஊரில் பனிக்கு நடுவே இருக்கும் என் தம்பி மனைவிக்கு, உன் நாத்தனார் கைப்பட எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவேண்டும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பக்கமும் நலமில்லாதபோது அதை எழுதி மையை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஞாபகம் கோணலில்லை.

உன் போன் வந்த அன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக்கூடாது. என் மகன் இருந்தான், டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு. மருமகள் இருந்தாள், ஈரத்தலையில் துண்டோடு. மாப்பிள்ளை இருந்தார், பாலிசி விற்கிறவர், யார் வீட்டில் போன் அடித்தாலும் மூக்கில் வியர்த்து வந்து நிற்பாரே, அவர்தான். குழாய் ரிப்பேர்க்காரர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் இரண்டும் வெளியே தெரிந்தன. நான் இருந்தேன். நீ என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. என் மகனிடம் சொன்னாய். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. "மாமா போயிட்டாருப்பா. இங்க மண்ணு கல்லா இறுகிக் கிடக்கு, தோண்ட முடியாதாம். பனி உருகற வரைக்கும் குளிர் ரூம்ல வெச்சிருப்பாங்க. அம்மாகிட்ட சொல்லு, அவசரமில்ல, மெதுவா வரலாம்னு."

செத்தவனைப் பார்க்க அவசரமில்லை என்று கூடப்பிறந்தவளுக்குச் சொல்லியனுப்பியவள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்திதான். நான் அழவில்லை. நீ கேட்பாய் என்று எழுதுகிறேன். தொட்டிக்கு அடியிலிருந்து குழாய்க்காரர், "அந்தக் குளிர்ல குழாயே வெடிச்சிடும்மா, மண்ணு எம்மாத்திரம்" என்றார். என் தம்பிக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் இரங்கல் அதுதான்.

மாப்பிள்ளை அதற்குள் செல்போனைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். உன்னிடமும் இரண்டு வார்த்தை விசாரித்துக்கொண்டார். பிறகு பாலிசி விளக்குகிற அதே குரலில், "அத்தை, இதுல ரெண்டு வகை இருக்கு. பனிக்குள்ளயே போனா முகம் பார்க்கலாம். உருகினப்புறம் போனா அடக்கத்துல நின்னு மண்ணு போடலாம், ஆனா அன்னிக்குப் பெட்டியைத் திறக்க மாட்டாங்க. நடுவுல அத்தனை நாள் அங்க தங்க விடமாட்டாங்க, ரெண்டு தடவை போய் வரவும் நம்மால ஆகாது. முகமா, மண்ணா, யோசிச்சு ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "பனியிலயே போயிடலாம் அத்தை, ஏரியே உறைஞ்சு கிடக்குமாம், மேல நடக்கலாமாம், பிள்ளைங்களும் பார்க்கும்" என்றாள். ஒரு சாவுக்குப் போக எத்தனை பேர் ஸ்வெட்டர் அளவு கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரிந்தால் நீயே சிரிப்பாய்.

ஏரிமேல் நடக்கலாம் என்றதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. ஏன் என்று உன் புருஷன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்கிறேன். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் தூக்கி உட்காரவைத்தவள் நான், கழுவித் துடைத்தவள் நான், துப்பியதை உள்ளங்கையில் ஏந்தியவள் நான். கடைசி நாளில் இவன் போன் செய்தான், விமானம் ஒன்றும் பறக்கவில்லை, வரமுடியாது என்று. நான்தான் போனை அம்மா காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை கடுக்கக் கடுக்க. "அம்மா, ஏரி உறைஞ்சு போச்சும்மா, அது மேல நடந்துக்கிட்டேதான் உன்கூடப் பேசறேன்" என்றான். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. என் பக்கம் திரும்பி, "என் புள்ள தண்ணி மேல நடக்கறான்டி" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். மலம் அள்ளினவளுக்கு ஒரு வார்த்தை இல்லை, தண்ணீர்மேல் நடந்தவனுக்குக் கடைசி வார்த்தை. அதே போனில், அவள் உடம்புச் சூடு ஆறுவதற்குமுன் சொன்னேன், "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்டா" என்று. முழிக்கவில்லை. வீடியோவில் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். அவன் என் முந்தானையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிடுவான்.

ஆகையால் எனக்கு மண்தான் சரி என்று சொல்லிவிட்டேன். பெட்டி மூடியிருக்கும், சொன்ன சொல்லும் கெடாது. அதோடு விட்டார்களா? உருகினாலும் அங்கே குளிர் குளிர்தானாம், அத்தை தாங்குவாரா என்று பரீட்சை வைக்கவேண்டுமாம். என் மகனிடம் கார் ஓட்டப் பழகுகிற ஒருவருக்குக் கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது, ஆப்பிளும் உருளைக்கிழங்கும் கெடாமல் அடுக்கிவைக்கிற இடம். அந்த மனுஷனே ஓட்டிக்கொண்டு போனார். "கிளட்ச்சு, சார், கிளட்ச்சு!" என்று என் மகன் கத்த, "எது சார் கிளட்ச்சு?" என்று அவர் குனிந்து தேட, தம்பியைப் பார்க்கப் பனி உருகக் காத்திருக்கவேண்டாம், இப்படியே நேராகப் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே மூட்டை தூக்குகிறவரின் கம்பளிக் கோட்டை எனக்கு மாட்டினார்கள். அவர் ஆறடி. கோட்டு நடந்து போயிற்று, நான் அதற்குள் எங்கேயோ இருந்தேன். பைக்குள் கைவிட்டால் அவர் கடித்து மீதி வைத்த ஆப்பிள்.

என்னை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மாப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று வீடியோ எடுத்தார். ஆள் அசைந்தால்தான் அங்கே லைட் எரியுமாம், அதை ஒருத்தரும் சொல்லவில்லை. நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்துவிட்டது. வரிசை வரிசையாகப் பெட்டிகள். மிஷின் இரைச்சல். இப்படித்தானே அவனையும் வைத்திருப்பார்கள், லைட் எரியவேண்டும் என்றாலும் அவனால் விரலை அசைக்க முடியாதே என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறந்து எல்லாரும் கை தட்டினார்கள். "அத்தை பாஸ்!" என்றார் மாப்பிள்ளை. அந்த வீடியோவைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார், உனக்கும் வந்திருக்கும். கும்மிருட்டாக இருக்கும். அது நான்தான்.

ஆக, பனி உருகியதும் வருகிறேன். பெட்டியை மூடியே வை. அவன் போட்டோ எதையும் கூடத்தில் மாட்டாதே, மாட்டியிருந்தால் திருப்பி வை. மருமகளை மன்னித்தேன், சின்னப் பெண். மாப்பிள்ளையை மன்னித்தேன், அவர் பிறவியே அப்படி. உன்னை மன்னிப்பதா என்று அங்கே வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வாசலில் வழுக்கும், பார்த்துக் கால் வை. தனியாக இருக்கிறோம்தானே என்று சமைக்காமல் இருக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் நாத்தனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பனிக்குள்ளேயே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்கிறார்கள், அதனால் இந்தக் கடிதத்தை நானே கையோடு கொண்டுவருகிறேன், வாசலில் நின்றே படித்துவிடு. பெட்டியைத் திறக்கச் சொல். மண்ணை நீ போட்டுக்கொள், என் பங்குக்கும் ஒரு பிடி சேர்த்து. கோல்டு ஸ்டோரேஜில் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினேனே, பொய். "குளிருதாடா?" என்று கேட்டேன். கேட்கும்போது கையை நீட்டியிருப்பேன் போலிருக்கிறது, லைட் எரிந்தது. ஆப்பிள் பெட்டிகள்தான் இருந்தன. ஒருநாள் என்னை அந்த ஏரிக்கும் கூட்டிப் போ. அதன்மேல் நானும் நடந்து பார்க்கவேண்டும், அது தண்ணீரே இல்லை, யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று என் காலுக்குத் தெரியவேண்டும். அவனை மன்னித்துவிட்டேன். வரமுடியாதவன் வாயில் வந்ததைச் சொன்னான், பாவம். அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, அதை என்னிடமே சொல்லிவிட்டுப் போனாளே எங்கள் அம்மா, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.