மீதி வாத்தியாருக்கு

சரக்குக் கிடங்கில் பதினெட்டு வருடமாகப் பெட்டி எண்ணுகிறவன் நான். எண்ணிக்கையில் என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று மார்தட்டிக்கொள்வேன். அவன் இன்னும் பிறக்கவில்லை. அவள் முன்னமே பிறந்து, என்னைக் கல்யாணமும் செய்துகொண்டுவிட்டாள்.

டாக்டர் எனக்கு இனிப்பே கூடாது என்றார். அன்றிலிருந்து பிஸ்கட் டப்பா என் மனைவியின் காவலில். நாக்கு செத்துப்போய்க் கிடந்த சமயத்தில்தான், ஒண்ணாம் வகுப்பு படிக்கும் மகளின் நோட்டில் டீச்சர் எழுதி அனுப்பினார்: 'பொருள்களை எண்ணி, குவியலாகப் பிரித்துப் பழக்கவும். மீதியை எழுதவும்.'

"நானே சொல்லித் தரேன். அந்த பிஸ்கட் டப்பாவைக் குடு."

"பட்டன் இருக்கே?"

"மூக்குல போட்டுப்பா."

"கிளிப்பு?"

"விரல்ல மாட்டிப்பா."

"பிஸ்கட்டு?"

"அதை எங்க போட்டாலும் ஆபத்தில்ல!"

ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவைத் தந்தாள். எனக்கே ஆச்சரியம்தான்.

கதவைச் சாத்தினேன். நாற்பத்தேழு பிஸ்கட். "பத்துப் பத்தா பிரிம்மா." நாலு குவியல், மீதி ஏழு.

"மீதி யாருக்குப்பா?"

"வாத்தியாருக்கு. அதான் கணக்கு."

ஏழும் உள்ளே போயின. மறுநாள் நாற்பதை ஏழேழாகப் பிரிக்கச் சொன்னேன். மீதி ஐந்து. அடுத்த நாள் ஒன்பது ஒன்பதாக, மீதி எட்டு. நாலாம் நாள் துணிந்துவிட்டேன்.

"பதினாலு பதினாலா பிரி."

"அப்படி யாராவது பிரிப்பாங்களாப்பா?"

"பெரிய வகுப்புல பிரிப்பாங்க."

ஒரு குவியல், மீதி பதின்மூன்று! அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கையில் மகளின் நோட்டு.

"மீதி ஏழு, அஞ்சு, எட்டு, பதின்மூணு. கூட்டினா முப்பத்துமூணு. டாக்டர் எத்தனை சொன்னாரு?"

என் அருமை மகள் டீச்சர் சொன்னதைத் தட்டாமல் எழுதி வைத்திருக்கிறாள். நான் இழுத்தேன். "அது... பாடம்..."

"பாடம் நல்லா இருக்குங்க. இன்னிக்குக் கணக்கு மட்டும் நான் சொல்றேன், வாத்தியார் நீங்கதான். கண்ணு, டப்பால இருக்கற பதினாலையும் ஒண்ணொண்ணா பிரி."

பதினாலு குவியல். மீதி? ஒரு துணுக்குகூட இல்லை.

"இப்ப அந்தத் துணியெல்லாம் எண்ணு. முப்பது முப்பதா பிரிக்கணும்."

கட்டில்மேல் ஒரு வாரத் துணி, தேய்க்காமல் மலையாகக் கிடந்தது. மகள் பேண்ட், சட்டை, பாவாடை எல்லாவற்றையும் எண்ணி முடித்தாள்.

"இருபத்தொம்பதுதான்மா இருக்கு! ஒரு குவியல்கூடத் தேறல!"

"அப்ப அத்தனையும் என்ன?"

"மீதி!"

இஸ்திரிப் பெட்டி ஏற்கெனவே சூடாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மனைவி அதை என் பக்கம் நகர்த்தினாள்.

"மீதி யாருக்குடா கண்ணு?"

"வாத்தியாருக்கு!"