லேமினேட் செய்த வாடகை ஒப்பந்தம்

வாடகை வீட்டுச் சட்டப்புலி என்று ஒரு ஜீவராசி உண்டு, வாசகரே. அதைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். உங்கள் மாடிப்படியிலேயே நிற்கும். குழாயில் தண்ணீர் வராத பக்கத்து வீட்டம்மா, சுவரில் ஆணி அடிக்கத் தயங்கும் புதுமாப்பிள்ளை, கூரியர் கொண்டுவந்தவர் என்று யார் அகப்பட்டாலும் நிறுத்தி வைத்து முழங்கும்.

“கேக்காம கொள்ளாம ஓனர் உள்ள வரவே கூடாது! குடியிருக்கிறவனுக்குச் சட்டம் இருக்கு, தெரியுமா?”

எந்தச் சட்டம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபம் வந்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டிலும் ஒரு புலி இருக்கிறார். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க ஊரிலுள்ளவர்களைப் பொடி எழுத்து வாசிக்க வைப்பவர், தன் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் வாசித்ததில்லை. “படிச்சுப் பாத்துப் போடுங்க” என்று ஹவுஸ் ஓனர் பேனாவை நீட்டியபோது, “சேச்சே, என்ன சார், உங்க மேல நம்பிக்கை இல்லாமலா?” என்று கூச்சத்தில் நெளிந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு விட்டிருந்த இடத்திலும் போட்டார். பிறகு மூன்று தாளையும் ஒன்றாக மடித்து, மடித்தபடியே லேமினேட் செய்து பீரோவில் பூட்டினார். இனி உள்ளே தண்ணீர் புகாது, பூச்சி புகாது. கண்ணும் புகாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓனர் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு நேரே கூடத்துக்கு வந்துவிட்டார். புலி அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி பொண்ணுக்கு வீடு வேணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க.”

புலியின் மகளுக்குப் பத்து நாளில் ஆண்டுத் தேர்வு. புத்தகமும் கையுமாக இருந்த அந்தக் குழந்தையின் முகம் வெளுத்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புலி கர்ஜித்ததா? நுரையை விழுங்கியது.

“அதுக்கென்ன சார், பாத்துக்கலாம். முதல்ல உக்காருங்க.”

“என்னங்க, ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு?” என்றார் மனைவி.

“அது பீரோவுல பத்திரமா இருக்கு.”

மனைவி பீரோவைத் திறந்தார். தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். “ஐயையோ, ஒரிஜினல்!” என்று புலி அலறியதைக் காதில் வாங்காமல் ஓரங்களை நறுக்கி, தாளைப் பிரித்து, கணவர் கடையில் வாங்கித் தந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. காலி செய்யச் சொல்வதானால் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் உரிமையாளர் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஓனர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்படியா போட்டிருக்கு? எனக்கே இப்பத்தாம்மா தெரியுது!”

“கீழ உங்க கையெழுத்துதானே சார்?”

மனிதர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். மகள் அடுத்த பாடத்தைப் புரட்டினாள். மறுநாள் காலை மாடிப்படியில் அதே குரல்: “நேத்து நான் போட்ட போடுல ஓனர் ஆடிப்போயிட்டாரு!”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றுதானே சொல்ல வருகிறீர்கள்?