மூடுபனி ராஜாவும் பெற்றோர் வழிகாட்டியும்

இந்த வீட்டில் ஒன்று அந்த விளையாட்டு இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. கலைமணி இதற்கெல்லாம் யோசிக்கிற ரகமில்லை. சட்டென்று தேர்ந்தெடுத்துவிடுவாள்.

நான் கோகுல்நாத். சொந்த ஊர் நாமக்கல். கொல்லிமலையில் அரசாங்க வேலை, அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஐந்தாவது படிக்கும் என் மகள் தாரணி டேப்லெட்டில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். ஒரு சின்னப் பெண், கையில் விளக்கோடு மந்திரக் காட்டுக்குள் போய், தொலைந்துபோன தம்பியைத் தேடுகிறாள். அதுவரை பரவாயில்லை. வழியில் மூடுபனி ராஜா என்று ஒருவன் வருகிறான். பனைமர உயரம். தலையோடு போர்த்திய கறுப்புத் துணி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவனைப் பார்த்தால் தாரணி கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். நான் ஒரே ஒரு தடவைதான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பீதி.

கீழே நாமக்கல்லில் இருந்தால் தொலைகிறது என்று விடலாம். இங்கே பொழுது சாய்ந்தால் நிஜப் பனியே ஜன்னலுக்கு வந்து நிற்கிறது. பாத்ரூம் வேறு கொல்லைப்புறத்தில், பலாமரத்துக்கு அந்தப் பக்கம். அந்த மரத்தைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டு முடித்துவிடுவேன். உண்மையாகவே பயந்தேன். வெளியே சொன்னால் மானம் போகும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். யாரோ ஒரு நிபுணர் எழுதியதுபோல 'பெற்றோர் வழிகாட்டி' ஒன்றை நானே போனில் எழுதினேன். எழுத எழுத வார்த்தை கொட்டியது. சாயங்காலம் காபியோடு வந்த கலைமணியைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"கலை, பெரிய மனநல டாக்டரு எழுதியிருக்காரு. இந்த விளையாட்டால என்னென்ன அறிகுறி வரும்னு கேளு. தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாங்க."

"செரிங்க."

"லைட்ட அணைக்க உடமாட்டாங்க."

"ஆமாங்க, நெசந்தானுங்க."

"பாத்ரூமுக்குத் தனியாப் போகமாட்டாங்க. யாரையாச்சும் வெளிய நிக்கவெச்சுப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுவாங்க."

கலைமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அந்த டாக்டரு நம்ம ஊட்டுக்கு எப்பங்க வந்துட்டுப் போனாரு?"

"எதுக்குக் கேக்கறே?"

"நேத்து பலாமரத்துக்கிட்ட நின்னு தொண்டை வலிக்கப் பேசுனது நான்தானுங்களே?"

"அது... பாம்பு கீம்பு வந்தா..."

"தாரணிக்கு இதுல ஒண்ணுமே இல்லீங்க. தலகாணியில தல வெச்சா அடுத்த நிமிசம் தூங்கிப்போயிருதுங்க."

"வரும்! இனிமேத்தான் வரும்!"

"அதுக்கு வைத்தியம் என்னன்னு போட்டிருக்காருங்க?"

என் முழு நம்பிக்கையும் கடைசி வரியில்தான் இருந்தது. குரலைக் கனமாக்கிக்கொண்டு வாசித்தேன். "அறிகுறி தெரிஞ்ச ஆள, அந்த விளையாட்டு இருக்கற பக்கமே உடக்கூடாது. கண்ணுலயும் படக்கூடாது, காதுலயும் உழக்கூடாது."

"நல்ல டாக்டருங்க" என்றாள். போனை வாங்கி, பொறுமையாக இன்னொரு தரம் படித்தாள். ஏதோ தட்டித் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே போனவள் குரங்குக் குல்லாவோடு திரும்பி வந்தாள்.

"இது எதுக்கு?"

"தாரணி விளையாட உக்காரப்போறா. அறிகுறி இருக்கற ஆளு வெளியதானுங்க இருக்கோணும்? அரை மணி நேரந்தான். போயிட்டு வாங்க சாமி."

"வெளிய பனி, கலை!"

"டாக்டரு பேச்சக் கேக்கோணுங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் விழுந்தது.

வாசற்படியில் நின்றேன். எதிரே வீடும் இல்லை, ரோடும் இல்லை, எல்லாம் பனி. அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அது வந்தது. உயரமாக. தலையோடு போர்த்திக்கொண்டு. மெதுவாக, நேராக என்னை நோக்கி. கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கதவை இடித்தேன். யாரும் திறக்கவில்லை.

"சார், நான்தான் பெஞ்சமின்" என்றது அது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு சார் வெளிய வந்தீங்க?" என்றேன், உயிர் திரும்பியதும்.

"ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப்ல இப்பத்தான் ஒரு வழிகாட்டி வந்துச்சு சார். எங்க வீட்லயும் அதே விளையாட்டுதான். என் வொய்ஃப் ஸ்டெல்லா படிச்சா. அறிகுறி எல்லாம் எனக்குத்தான் இருக்குன்னு வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டா." பல்லைக் கடித்தார். "எழுதுன டாக்டர் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"சும்மா விடக்கூடாது சார்" என்றேன். "நானும் வாரேன்."

அவர் கையிலிருந்த போன் டிங் என்றது. குரூப்பில் கலைமணியின் அடுத்த செய்தி. பெஞ்சமின் வெளிச்சத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே படித்தார்.

"டாக்டர் யாரும் இல்லீங்க. எழுதினது எங்க வீட்டுக்காரருங்க. எல்லாம் சொந்த அனுபவமுங்க."